அப்பாவுக்கு விளங்கிய கேள்வி

என் அப்பா சில்வெஸ்ரரின் வாயில் அதிகம் புழங்கிய சொல் "கூடாது". அடுத்த வீட்டு முற்றத்தில் விளையாடக் கூடாது. இறங்குதுறையில் சத்தமாகச் சிரிக்கக் கூடாது. ஆமிக்காரரின் சென்றியில் துவக்கோடு நிற்பவன் ரொபி, இனிப்பு நீட்டினால் வாங்கக் கூடாது, வாங்காமல் ஓடவும் கூடாது, ஒன்றும் நடக்காதது போல நடந்து வரவேண்டும். பள்ளிக்கூடம் விட்டால் நேரே வீடு. வீட்டுக்கு வந்த பிறகும் சும்மா இருந்துவிட முடியாது. சும்மா இருப்பதற்கும் அவரிடம் ஒரு ஒழுங்கு இருந்தது.

தொண்ணூற்றாறில் யாழ்ப்பாணத்து அகதி வாழ்க்கையை முடித்துக்கொண்டு எழுவைதீவுக்குத் திரும்பி வந்தோம். அப்போது எனக்கு எட்டு வயது. வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை, கிணற்றுக்குக் கப்பி இல்லை. அப்பாவின் சட்டங்கள் மட்டும் ஒரு சேதமும் இல்லாமல் வந்து சேர்ந்திருந்தன. தீவோ ஒரு கைப்பிடி. இந்தக் கரையில் நண்டு அவித்தால் அந்தக் கரையில் மணக்கும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண்பிள்ளையைச் சிநேகிதியே இல்லாமல் வளர்ப்பது லேசான காரியமில்லை. அப்பா அதைச் செய்து காட்டினார். யாராவது பிள்ளைகள் படலையில் வந்து நின்று "பிரேமினி நிக்கிறாவோ?" என்று கேட்டால், கிழிசல் பொத்திக்கொண்டிருக்கும் வலையிலிருந்து தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்ப்பார். அதற்குப் பிறகும் நின்று கதைக்கக்கூடிய பிள்ளை எங்கள் ஊரில் பிறக்கவில்லை.

எங்களுக்கு அடுத்த வளவில் இருந்த பிலோமினம்மா வீட்டுக்கு மட்டும் போகலாம். புருசனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு ஒரே மகன் லியோனோடு இருந்தவ. அப்பா அவவை அக்கா என்றுதான் கூப்பிடுவார். லியோன் அண்ணைக்கு அப்போது இருபது வயது இருக்கும். மீன் கடகங்களைக் காவுதடியில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து, வள்ளமேறி ஊர்காவற்றுறைச் சந்தைக்குக் கொண்டுபோவார். வரும்போது எனக்கென்று தோடம்பழ இனிப்பு கொண்டுவருவார். அதைத் தின்னும்போது மட்டும் அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

தொண்ணூற்றெட்டில், பெருநாள் சட்டைக்குத் துணி வாங்க அப்பா என்னை ஊர்காவற்றுறைக்குக் கூட்டிப்போனார். வள்ளத்தால் இறங்கியதும் அங்கே இறங்குதுறையில் வழக்கம்போலச் சோதனை வரிசை. எங்களுக்கு முன்னால் லியோன் அண்ணையும் பிலோமினம்மாவும். ஆண்களைச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். லியோன் அண்ணையின் வலது தோளில், காவுதடி அழுத்தி அழுத்தி மாட்டின் கழுத்தில் இருப்பது போல ஒரு காய்ப்பு. சென்றிக்காரன் அதைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு இன்னொருவனைக் கூப்பிட்டான். வந்தவன் பெரியவன் போல இருந்தது. அவன் பிலோமினம்மாவைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டான். அவ சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினா. திரும்பவும் கேட்டான். இன்னும் பலமாக ஆட்டினா.

அந்த நாளில் எங்கள் கரையில் எல்லாரும் அப்படித்தான். விளங்காத பாஷையில் எதைக் கேட்டாலும் சிரித்துத் தலையாட்டுவது. ஆட்டினால் கேட்டவன் சந்தோசப்பட்டு விட்டுவிடுவான் என்று ஒரு நம்பிக்கை. அனேகமாக விட்டும்விடுவார்கள்.

அன்றைக்கு விடவில்லை. லியோன் அண்ணையை மண்மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிப்போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு வாகனம் புறப்பட்டுப் போனது. "பதியத்தான் கொண்டு போறாங்கள் போல கிடக்கு" என்று பிலோமினம்மா என் அப்பாவிடம் சொன்னா. என் கையை அவர் பிடித்திருந்த பிடியில் விரல்கள் நொந்து நான் அழத் தொடங்கியிருந்தேன். துணி வாங்கவில்லை. அடுத்த வள்ளத்திலேயே திரும்பிவிட்டோம். பிலோமினம்மா மட்டும் மீன் கடகங்களுக்குப் பக்கத்தில், மகன் வருவான் என்று குந்திக்கொண்டிருந்தா.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னிடம், "துணி எடுத்தனீங்களோ?" என்று கேட்டா. நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். அப்பாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. அவர் என்னை அடித்தது அதுதான் முதல் தடவை.

"தலையை ஆட்டாதை! வாயைத் துறந்து சொல்லு. ஓமெண்டா ஓம், இல்லையெண்டா இல்லை. விளங்கேல்லையெண்டா விளங்கேல்லையெண்டு சொல்லு!"

"பிள்ளைக்கு ஏன் அடிக்கிறியள்?" என்று அம்மா ஓடி வந்து என்னை இழுத்து அணைத்துக்கொண்டா. அப்பா குசினி வாசலில் நின்று, தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று தொடக்கம் எங்கள் வீட்டில் தலையாட்டல் இல்லை. வாய் நிறையச் சோற்றோடு இருக்கும்போது "இன்னும் போடட்டோ?" என்று கேட்டாலும் விழுங்கிவிட்டு "ஓம்" என்றுதான் சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்தில் இதற்காகவே என்னைக் கேலி செய்தார்கள். நல்லது செய்ய ஒரு சட்டம், கெட்டது செய்யாமலிருக்க ஒரு சட்டம் என்றால் ஏற்றுக்கொள்ளலாம். கழுத்துக்கும் ஒரு சட்டமா? இந்த மனிதருக்குப் பைத்தியம் என்று எனக்குள் தீர்த்துவிட்டேன்.

லியோன் அண்ணை திரும்பி வரவில்லை. பிலோமினம்மா, அவர் கோயிலில் முதல்நன்மை எடுத்த நாளில் பிடித்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இராணுவ முகாம் முகாமாக ஏறி இறங்கினா. வேறு படம் அவவிடம் இல்லை. இருபது தாண்டியவனைத் தேட ஒன்பது வயதுப் பிள்ளையின் படம். எல்லா இடத்திலும் கையை விரித்தார்கள். அப்பா கடலால் வந்ததும் மீனில் நல்லதைத் தெரிந்து முதலில் அவவின் வேலியில் கொழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். "சில்வெஸ்ரர் இல்லாட்டி நான் எப்பவோ செத்திருப்பன்" என்று பிலோமினம்மா கோயிலடியில் எல்லாருக்கும் சொல்லுவா. அந்த இரக்கத்தில் கொஞ்சத்தை எனக்கும் காட்டினால் என்ன என்று எனக்கு எரியும்.

சமாதான காலம் வந்தது. மற்ற அப்பாமார் பிள்ளைகளை நல்லூருக்கும் கீரிமலைக்கும் கூட்டிப்போனார்கள். என் அப்பா அசையவில்லை. என் வயதுப் பெட்டைகளுக்கு இரகசியங்கள் இருந்தன. சொல்வதற்கு ஆளில்லாதபடியால் எனக்கு இரகசியமும் இருக்கவில்லை. ஆட்டுக்குட்டியோடு கதைப்பேன். அது அமைதியாகக் கேட்கும், முக்கியமான இடம் வரும்போது எழும்பிப் போய்விடும். மாலையில் கடற்கரைப் பக்கமிருந்து பிள்ளைகளின் சத்தம் கேட்கும்போது போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டு படுப்பேன். அப்பாவை எனக்குப் பிடிக்கவில்லை. அதை மனதுக்குள் முழு வாக்கியமாகவே சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாயிரத்து ஆறில் சண்டை திரும்பவும் தொடங்கியபோது நான் ஊர்காவற்றுறையில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு வயதுக் குமருக்குப் பின்னால், நாலு முழம் தள்ளி, அப்பா தினமும் வள்ளத்தில் வந்தார். பள்ளிக்கூடப் படலை வரைக்கும் வந்து, விடும்வரைக்கும் அங்கேயே நிழலில் நிற்பார். வகுப்பில் எனக்கு மெய்ப்பாதுகாவலர் என்று பெயர் வைத்தார்கள். அவருக்கு வைக்கவேண்டிய பெயரை எனக்கு வைத்துவிட்டார்கள்.

அந்தப் புரட்டாதியில் ஒரு காலை. ஊர்காவற்றுறைச் சென்றியில் என் புத்தகப்பையைக் கொட்டினார்கள். புவியியல் பாடத்துக்கு நான் வரைந்த எழுவைதீவுப் படம் வெளியே வந்தது. கெட்டிக்காரியல்லவா, ஒன்றையும் விடாமல் வரைந்திருந்தேன். கோயில், கிணறுகள், பனங்காணி, இறங்குதுறை. இறங்குதுறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம் போட்டுச் சிவப்பு மையால் நிறமும் தீட்டியிருந்தேன். அதுதான் சென்றி.

என்னை வரிசையிலிருந்து விலக்கித் தனியாக நிற்பாட்டினார்கள். அதிகாரி ஒருவன் படத்தை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கேட்டான். ஒரு சொல்லும் விளங்கவில்லை. வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. எட்டு வருசம் அப்பா பழக்கிய பழக்கமெல்லாம் எங்கே போனதோ தெரியாது, என் கழுத்து தன்பாட்டில் அசைந்தது. அவன் திரும்பக் கேட்டான். நான் சிரிக்கவும் செய்தேன் என்று நினைக்கிறேன்.

அப்போது வரிசைக்குள்ளிருந்து சிங்களத்தில் ஒரு சத்தம் எழும்பியது. எனக்கு அதில் விளங்கியது, ஐயா என்று கூப்பிடும் "மாத்தையா" என்ற ஒரு சொல் மட்டும்தான். திரும்பிப் பார்த்தேன். அப்பா. இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு, துவக்குகளுக்கு நேரே நடந்து வந்துகொண்டிருந்தார். கதைத்துக்கொண்டே வந்தார். திக்கல் இல்லை, தேடல் இல்லை. எங்களோடு தமிழில் கதைப்பதை விட அதிகமாக, வேகமாக, ஒரு சந்தையில் நின்று விலை பேசுகிறவர் போலக் கதைத்தார். என் புத்தகத்தைக் காட்டினார், பள்ளிக்கூடப் பக்கம் கையைக் காட்டினார், என் கழுத்தைத் தொட்டுக் காட்டித் தன் தலையை ஆட்டிக் காட்டினார். அதிகாரி ஏதோ கேட்டான். அப்பா ஒரு ஊர்ப் பெயர் போல ஒன்றைச் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

படத்தைக் கிழித்துவிட்டு என்னை விட்டுவிட்டார்கள்.

வரிசையில் நின்றது முழுக்க எங்கள் ஊர்ச்சனம். எல்லாரும் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மத்தியானம் திரும்பும் வள்ளத்தில் நானும் அப்பாவும் இருந்த பக்கத்தில் எவரும் இருக்கவில்லை. எல்லாரும் மற்றப் பக்கமாக நெருக்கியடித்து இருந்ததில், வள்ளம் சரியாத குறை. வள்ளம் ஓட்டுகிறவர் வந்து "கொஞ்சப் பேர் இஞ்சாலை வாங்கோ" என்று கேட்டும் ஒருவரும் அசையவில்லை.

அப்பாவுக்குச் சிங்களம் தெரியுமென்று அம்மாவுக்கு முதலே தெரியும். கலியாணத்துக்கு முந்தி அப்பா நீர்கொழும்பில் சிங்களவரோடு ஒரு மீன் வாடியில் எட்டு வருசம் வேலை செய்தவராம். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் உயிரோடு ஓடி வந்தவர், அந்தப் பாஷையை வாயில் எடுப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார். தொண்ணூற்றேழில் அந்த முடிவு இன்னும் இறுகியது. அவருடைய ஒன்றுவிட்ட தமையன் பஸ்ரியாம்பிள்ளை, சிங்களம் தெரியும் என்பதற்காக இராணுவ முகாமில் மொழிபெயர்க்கக் கூப்பிடப்பட்டவர், ஒரு நாள் பனங்காணிக்குள் சுடப்பட்டுக் கிடந்தார். சுட்டவர்கள் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை.

ஊர் கணக்குப் பார்க்கத் தொடங்கியது. சில்வெஸ்ரருக்குச் சிங்களம் தெரியும். லியோனைப் பிடித்த அன்று சில்வெஸ்ரர் பின்னால் நின்றவர். அப்படியென்றால் என்ன? தன் பிள்ளையென்றதும் வாய் திறந்தவர், அன்றைக்கு ஏன் திறக்கவில்லை? அடுத்த கிழமையே கதை இன்னும் ஒரு முழம் வளர்ந்தது. காட்டிக்கொடுத்ததே அவர்தானாம். இல்லாவிட்டால் எட்டு வருசமாக ஏன் வேலியில் மீன் கொழுவுகிறார்?

அந்த மீனைப் பிலோமினம்மா இப்போது எடுப்பதில்லை. வேலியிலேயே காகம் கொத்தியது. கரையில் வள்ளம் ஏற்ற, தள்ளிவிட ஆள் வேண்டும். அப்பா வள்ளத்தைக் கொண்டுவந்து தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு நிற்பார். கரையில் நிற்பவர்கள் தங்கள் வலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கடைசியில் அம்மாவும் நானும் பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்குவோம்.

ஐப்பசி செபமாலை மாதம். மாதாவின் சிலை, சுருவம் என்போம், ஒவ்வொரு வீடாக வரும். ஒரு வீட்டில் ஒரு இரவு தங்கி, அடுத்த நாள் மாலை செபத்தோடு அடுத்த வீட்டுக்குப் போகும். எங்கள் முறை வந்த அன்று அம்மா முற்றம் கூட்டி, மேசையில் வெள்ளைத் துணி விரித்து, செவ்வரத்தம்பூ வைத்து, வந்தவர்களுக்குக் கொடுக்கக் கடலையும் அவித்து வைத்திருந்தா. அப்பா சேட்டுப் போட்டுக்கொண்டு படலையில் நின்றார். பாட்டுச் சத்தம் கிட்ட வந்தது. மெழுகுதிரிகள் தெரிந்தன. சுருவம் எங்கள் படலைக்கு நேரே வந்தது, நிற்காமல் போனது. அம்மா முட்டுக்காலில் இருந்தவ, அப்படியே இருந்தா. செபத்தை எங்களுக்காக ஒருவரும் நிறுத்தவில்லை. அடுத்த வீட்டுக்குள் போய் "அருள் நிறைந்த மரியே" தொடர்ந்தது.

அப்பா வந்து கதிரையில் இருந்தார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"லியோன் அண்ணையைப் பிடிச்ச அண்டைக்கு உங்களுக்கு விளங்கினதோ?" என்று கேட்டேன்.

"ஓம்."

"என்ன கேட்டவங்கள்?"

அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "தோள் காய்ப்பைத் துவக்குப் பட்டி கொழுவின அடையாளமெண்டு நினைச்சிட்டாங்கள். இவன் இயக்கத்திலை இருந்தவனோ எண்டு அக்காட்டைக் கேட்டாங்கள். அக்கா தலையாட்டினா. வடிவா யோசிச்சுச் சொல்லு, உன்ரை மோன் ஆயுதம் தூக்கினவனோ எண்டு திருப்பியும் கேட்டாங்கள். அதுக்கும் ஆட்டினா."

நான் அவருடைய கதிரைக்கு முன்னால் போய் நின்றேன்.

"காவுதடிக் காய்ப்பெண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாமேப்பா."

"சொல்லத்தான் வாயெடுத்தனான். உன்ரை கை என்ரை கைக்குள்ளை கிடந்தது. பஸ்ரியாம்பிள்ளையின்ரை முகம் வந்து நிண்டுது. இண்டைக்கு வாய் துறந்தா நாளைக்கு என்னைத்தான் கூப்பிடுவாங்கள் எண்டு நினைச்சன். அதுக்குள்ளை அவனைக் கொண்டு போட்டாங்கள்."

அந்தக் கன்னத்து அடி யாருக்கு விழவேண்டியது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. எட்டு வருசமாக நான் வெறுத்த மனிதர், ஒவ்வொரு நாளும் என் கழுத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். ஆனாலும் லியோன் அண்ணை திரும்பி வரப்போவதில்லை. இரண்டையும் எப்படிச் சேர்த்து நினைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்ப போய் அவவுக்குச் சொல்லுங்கோ" என்றேன். "தலையாட்டினது அவ எண்டு சொல்லுங்கோ. நீங்கள் காட்டிக்குடுத்தனீங்கள் எண்டெல்லோ ஊர் கதைக்குது!"

"சொல்லக் கூடாது" என்றார். அதே பழைய குரல். "நீயும் சொல்லக் கூடாது. செத்தாலும் சொல்லக் கூடாது."

ஒரு கிழமை கழித்து, மத்தியான வெயிலில், பிலோமினம்மா எங்கள் முற்றத்துக்கு வந்தா. வேலியோரச் சனமெல்லாம் எட்டிப் பார்த்தது. அப்பா எழும்பி நின்றார்.

"அண்டைக்கு என்னட்டை ஏதோ கேட்டவங்கள், சில்வெஸ்ரர். நானும் ஏதோ மறுமொழி சொன்னனான். உமக்கு விளங்கியிருக்கும். நான் என்ன சொன்னனான்?"

அவ சண்டைக்கு வரவில்லை. எட்டு வருசமாக அந்தக் கேள்வி அவவைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. பதில் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அடுத்த வீட்டிலேயே இருந்திருக்கிறார் என்று இப்போதுதான் தெரிந்து வந்திருக்கிறா. அந்த முகத்தைப் பார்க்க ஏலாமல் நான் அப்பாவைப் பார்த்தேன். சொல்லிவிட்டால் வள்ளத்துக்கு ஆள் வரும், சுருவம் வரும், ஊர் திரும்பிவிடும்.

"நீங்கள் ஒரு பிழையும் சொல்லேல்லை அக்கா" என்றார் அப்பா. "உங்கடை பேரைக் கேட்டவங்கள், ஊரைக் கேட்டவங்கள். அவனைக் கொண்டு போறதெண்டு முதலே முடிவெடுத்திட்டாங்கள். நான் ஒரு சொல் சொல்லியிருந்தா விட்டிருப்பாங்கள். நான் பயத்திலை சொல்லேல்லை."

பிலோமினம்மா குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளினா. "நாசமாப் போவீர்! என்ரை பிள்ளையைத் திண்ட வாயாலை என்னை அக்கா எண்டு கூப்பிடாதையும்!" மண் அப்பாவின் முகத்திலும் நெஞ்சிலும் விழுந்தது. அவர் துடைக்கவில்லை. உண்மை என் வாய்வரை வந்துவிட்டது. அப்பா என்னைப் பார்த்தார். நான் திரும்பிக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு முகாமிலிருந்து ஆள் வந்து அவரை மொழிபெயர்க்கக் கூப்பிட்டது. போனார். இரவில் வீட்டுக்கு வரும்வரை அம்மா படலையிலேயே நிற்பா. ஊரில் பிடிபட்ட பல பிள்ளைகள் அவர் பேசிப் பேசியே வெளியே வந்தார்கள். வெளியே வந்தவர்களும் அவரைக் கண்டால் பாதை மாறினார்கள். எனக்கு ஊரில் சிநேகிதிகள் கிடைக்கும் காலம் அத்தோடு முடிந்துபோனது.

இரண்டாயிரத்து ஒன்பது ஆவணியில் பிலோமினம்மா செத்துப்போனா. சண்டை முடிந்து அகதி முகாம்கள் நிறையச் சனம் இருந்த நேரம். லியோன் அங்கே எங்காவது இருப்பான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாவாம். செத்த வீட்டுக்கு எங்களுக்குச் சொல்லவில்லை. அப்பா குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வேலியின் இந்தப் பக்கம் நின்றார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டார்கள். எங்கள் படலையைத் தாண்டிப் போகும்வரை அப்பா தலையைக் குனிந்தபடி நின்றார்.

பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"நீ ஒருநாளும் அவவுக்குச் சொல்லேல்லைத்தானே?"

"இல்லையப்பா."

"பிறகும்? நான் கடலுக்குப் போன நேரத்திலை?"

"இல்லையப்பா. ஒருநாளும் இல்லை."

அப்பா வேலிக் கதிகாலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்தார். அவர் அழுது நான் கண்டதில்லை. சவம் கோயில் பக்கம் திரும்பி, பாட்டுச் சத்தம் ஓய்ந்த பிறகும் அழுதுகொண்டிருந்தார். நான் அவருடைய தோளில் கையை வைத்தேன். அவர் தட்டிவிடவில்லை.